மின்சார பிரஷர் குக்கர் அதிகமாகச் சூடாகிறது: சென்சாரை மாற்றுவதற்கு முன்

கேள்வி, மார்ச் 2

என் மின்சார பிரஷர் குக்கர் கொஞ்ச நாளாகப் பாதிச் சமையலில் நின்றுவிடுகிறது. திரையில் சூடு அதிகம் என்று எச்சரிக்கை வருகிறது. தண்ணீர் குறைவாக ஊற்றவில்லை, கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் மேலேயே ஊற்றுகிறேன். உள் பாத்திரத்தின் அடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. போன வாரத்திலிருந்து பிளாஸ்டிக் கருகுவது போல லேசான வாடை வேறு. சென்சார் போய்விட்டது, அதை மாற்றினால் போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாற்றலாமா?

மார்ச் 2, இரவு

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எச்சரிக்கை வந்து நிற்பது அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமில்லை. ஆனால் பிளாஸ்டிக் வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை இன்னொரு முறை ஓட்டக் கூடாது.

சென்சாரைப் பற்றி: குக்கருக்குள்ளே வெப்பத் தட்டின் நடுவில் காசு அளவில் ஒரு குமிழ் தெரியும். கீழே ஸ்பிரிங் இருப்பதால் அழுத்தினால் இறங்கி ஏறும். பாத்திரத்தை வைத்ததும் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அது அளப்பது அந்த ஓர் இடத்தின் சூட்டை மட்டும்தான். உள்ளே வேகும் பொருளின் சூட்டையோ ஆவியின் அழுத்தத்தையோ அது நேரடியாகப் பார்ப்பதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தால் அடிப்பக்கம் 120 டிகிரியை ஒட்டியே நிற்கும். 140 டிகிரி அளவுக்குப் போனால் பல குக்கர்கள் சூட்டை நிறுத்தி எச்சரிக்கை காட்டும்.

ஆகவே அந்த எச்சரிக்கை பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அடி ஏன் சூடாகிறது என்று தேட வேண்டும். சொன்ன பாகத்தின் மேலேயே பழியைப் போட்டு மாற்றினால், புது சென்சாரும் அதையேதான் சொல்லப் போகிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த வண்ண வட்டம் பாத்திரத்தின் உள்பக்கமா, வெளிப்பக்கமா? வாடை மூடிப் பக்கமிருந்து வருகிறதா, ஒயர் செருகும் பக்கமிருந்தா?

மார்ச் 3

வட்டம் வெளிப்பக்கம் என்று பதில் வந்திருக்கிறது. நல்ல தகவல். உள்பக்கமாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்புகள் படிந்த மெல்லிய படலமாக இருக்கும். வினிகர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்தால் போய்விடும், அதற்கும் சூட்டுக் கோளாறுக்கும் சம்பந்தமில்லை. வெளிப்பக்கம் நிறம் மாறியிருந்தால் அந்த இடத்தில் எஃகு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அதுவும் வட்டமாக இருக்கிறது என்றால் தட்டும் பாத்திரமும் முழுதாகத் தொடவில்லை, அந்த வட்டத்தில் மட்டும் தொடுகின்றன என்று நினைக்கிறேன்.

இந்த இடைவெளி விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கோளாறில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தட்டு 1000 வாட் வெப்பத்தைத் தருகிறது. பாத்திரத்தின் அடி 18 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே முழுக்க ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு காற்று இருந்தால், அந்த 1000 வாட்டும் காற்றைக் கடத்தல் மூலமாகத் தாண்டிப் போக 100 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டும். பாத்திரம் 120 டிகிரியில் இருந்தால் தட்டு 220க்கு மேல் போக வேண்டியிருக்கும். ஒரு தாளின் தடிமன்தான் அந்த இடைவெளி. காற்றைவிட அலுமினியம் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

உண்மையில் இடைவெளி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. சில இடத்தில் ஒட்டும், சில இடத்தில் விலகும். ஒட்டிய இடத்தில் வெப்பம் குவிந்து இறங்கும், அங்கே அடிப்பிடிக்கும். விலகிய இடத்தில் தட்டு தனியாகக் காயும். நடுவில் இருக்கும் சென்சாருக்குப் பாத்திரத்தின் சூடும் வரும், சுற்றியுள்ள தட்டின் சூடும் ஏறும். அது கூச்சல் போடுவதில் தப்பே இல்லை.

என் குக்கரில் இதைக் கண்ணால் பார்த்தேன். பொங்கி வழிந்தது பாத்திரத்தின் வெளிப்பக்கமாக இறங்கித் தட்டில் காய்ந்து, பழுப்பு வார்னிஷ் மாதிரி ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தட்டே அந்த நிறம் என்றுதான் தோன்றும். விரல் நகத்தால் சுரண்டிய பிறகுதான் கீழே வெள்ளை அலுமினியம் தெரிந்தது.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழித்து

எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். குக்கர் முழுதாக ஆறியிருக்க வேண்டும், பிளக் வெளியே இருக்க வேண்டும். நன்றாகப் பிழிந்த ஈரத் துணியைப் படலத்தின் மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்து ஊறவிட்டு, நைலான் நாரால் தேய்க்கலாம். கம்பி நார் வேண்டாம். தட்டும் கீறும், உதிரும் கம்பித் துண்டு உள்ளே போனால் வேறு வம்பு. குக்கர் உடலுக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடியில் மின் பலகை இருக்கிறது.

சென்சார் குமிழைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். அங்கே ஒரு பருக்கை சிக்கினாலும் குமிழ் பாதியில் நின்றுவிடும். விரலால் அழுத்திவிட்டால் தடையில்லாமல் எழும்ப வேண்டும்.

அப்புறம் பாத்திரம். கவிழ்த்து வைத்து, அடியின் குறுக்கே எஃகு ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி, பின்னால் டார்ச் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பார்த்துவிட்டு ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பாருங்கள். சில பாத்திரங்களின் அடி தட்டின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி வேண்டுமென்றே லேசாக வளைந்திருக்கும். அப்படியானால் கசிவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால் பாத்திரம் நெளிந்திருக்கிறது. அதே மாடலின் இன்னொரு பாத்திரம் யாரிடமாவது கிடைத்தால் வாங்கி வைத்து ஓட்டிப் பாருங்கள், சந்தேகம் தீரும்.

மார்ச் 5

வாடை ஒயர் பக்கமிருந்துதான் வருகிறதாம். செருகும் முனையில் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அப்படியானால் இது தனிக் கோளாறு, எச்சரிக்கையோடு இதற்கு உறவில்லை. ஒரே நேரத்தில் இரண்டும் வந்ததால் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

கழற்றி மாட்டக்கூடிய ஒயர்களில் நாளாக ஆக உள்ளே இருக்கும் உலோகப் பிடி தளர்ந்துவிடும். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் சுமார் 4.3 ஆம்பியர் ஓடும். தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானாலும் 9 வாட்டுக்கு மேல் அங்கேயே வெப்பமாகும். கேட்க சின்னதாக இருக்கும். ஆனால் பட்டாணி அளவு உலோகத்தில், காற்றுப் போகாத பிளாஸ்டிக்குக்குள், அரை மணி நேரம் அந்த 9 வாட் நின்றால் பிளாஸ்டிக் பழுக்கத்தான் செய்யும். 120 வோல்ட் வரும் நாடுகளில் அதே 1000 வாட்டுக்கு 8.3 ஆம்பியர், அங்கே வெப்பம் நான்கு மடங்குக்குப் பக்கத்தில் போகும்.

இதில் சூட்டை நிறுத்த எந்தக் காவலும் கிடையாது. குக்கரின் சென்சாருக்கு ஒயர் முனை தெரியாது, தட்டு அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸுக்கும் தெரியாது. மின்னோட்டம் கூடவில்லை என்பதால் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் தானியங்கி சுவிட்சும் விழாது. அதனால்தான் எனக்கு இது அந்த எச்சரிக்கையைவிட அதிகக் கவலை தருகிறது. ஒயரை மாற்றுங்கள். குக்கரில் இருக்கும் ஊசிகளும் கறுத்திருந்தால் அந்தச் செருகு பாகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். கறுத்த ஊசி புது ஒயரையும் கெடுக்கும்.

கணினி ஒயர் பொருந்துகிறதே, அதைப் போடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். கணினியில் வருவது சி13 வகை, ஊசி 70 டிகிரி வரை தாங்கும்படி செய்தது. சூடாகும் கருவிகளுக்கு சி15 என்று தனி வகை இருக்கிறது, அது 120 டிகிரி வரை தாங்கும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சி15ல் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்கு ஏற்ற மேடு குக்கரில் இருந்தால் சி13 உள்ளே போகாது. மேட்டைச் செதுக்கிவிட்டு மாட்டியவர்களும் உண்டு. செய்யாதீர்கள். குக்கரோடு எந்த வகை வந்ததோ அதே வகை, அதே ஆம்பியர் அளவு.

மார்ச் 7

வேறொருவர் தன் குக்கர் அடிக்கடி நின்றுபோனதால் கீழே இருந்த ஃபியூஸை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைத்தாராம், இப்போது நன்றாக ஓடுகிறதாம். தயவுசெய்து இன்றைக்கே அதைப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள்.

அது தெர்மல் ஃபியூஸ். தட்டின் அடியில் இறுகப் பிடித்து வைத்திருப்பார்கள். மின்னோட்டத்துக்காக எரிவதில்லை, குறிப்பிட்ட சூடு வந்தால் ஒரே ஒரு முறை அறுந்துவிடும், திரும்ப ஒட்டாது. மற்றக் காவல்கள் எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக இருப்பது அது. அதை எடுத்துவிட்டால், தண்ணீர் வற்றிய பாத்திரத்தின் கீழே தட்டு எவ்வளவு சூடாகும் என்பதற்கு வரம்பே இல்லை. அதன் இடத்தில் சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் போடுவதும் ஒன்றுதான், அதற்குச் சூடு தெரியாது.

மாற்றுவதானால் உடம்பில் அச்சிட்டிருக்கும் அதே டிகிரி, அதே ஆம்பியர், அதே வோல்ட். ஈயம் வைத்துப் பற்ற வைக்கக் கூடாது, பற்ற வைக்கும் சூட்டிலேயே உள்ளே அறுந்துவிடும். குழாய் போன்ற உலோக இணைப்பில் வைத்து நசுக்கிப் பொருத்துவதுதான் முறை. அதைவிட முக்கியம், அது ஏன் அறுந்தது என்று தெரிந்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.

மார்ச் 8

அப்படியானால் சென்சார் கெடவே கெடாதா என்ற கேள்வி நியாயமானது. கெடும். அந்தக் குமிழுக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு சின்ன உறுப்பு. பரவலாகப் பயன்படும் ஒரு வகை அறைச் சூட்டில் 1 லட்சம் ஓம் காட்டும், 100 டிகிரியில் சுமார் 7 ஆயிரத்துக்கு இறங்கும். உங்கள் குக்கரில் வேறு மதிப்பு இருக்கலாம். அதனால் எண்ணைவிட நடத்தையைப் பாருங்கள்: கழற்றிய சென்சாரைத் தடையை அளக்கும் மல்டிமீட்டரில் மாட்டி, உள்ளங்கையில் பொத்தினால் எண் நிதானமாக இறங்க வேண்டும், விட்டால் நிதானமாக ஏற வேண்டும். துள்ளினால் உள்ளே ஒயர் நைந்திருக்கிறது. குமிழ் ஏறி இறங்கும்போது அந்த ஒயரும் கூடவே வளைவதால் அங்கே நைவது இயல்பு.

பழுதாகும் திசையும் முக்கியம். ஒயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், பலகைக்கு அது மிகக் குளிராகத் தெரியும். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் மிகச் சூடாகத் தெரியும். இந்த இரண்டு கோடிகளையும் பலகை கண்டுபிடித்து வேறு பிழைக் குறியீடு காட்டும்படித்தான் பல குக்கர்களில் எழுதியிருப்பார்கள். இன்ஸ்டன்ட் பாட் என்ற பிராண்டின் மாடல்களில் சி1, சி2 என்பது சென்சார் பழுது. சி5 என்பது சூடு மிக அதிகம், அதாவது பாத்திரம் சரியாக வைக்கவில்லை அல்லது தண்ணீர் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் கையேட்டில் குறியீட்டுப் பட்டியல் எங்கே என்று தேடுங்கள், கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

அடிமூடியைக் கழற்றுபவர்களுக்கு: பல குக்கர்களின் மின் பலகை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாதது. 5 வோல்ட் என்று எழுதியிருக்கும் இடம்கூட பிளக் மாட்டியிருந்தால் உயிரை வாங்கும். மூடி திறந்திருக்கையில் மின்சாரம் கொடுத்து அளப்பது பழகியவர்கள் வேலை.

மார்ச் 8, இரவு

ரிலேயை விட்டுவிட்டேனே என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ஒருவர் கேட்டும்விட்டார். தட்டுக்கு மின்சாரம் விடுவதும் நிறுத்துவதும் ரிலே. சமையலின்போது கேட்கும் டிக் சத்தம் அதுதான். அதன் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டால், பலகை நிறுத்தச் சொன்னாலும் தட்டு காய்ந்துகொண்டே இருக்கும். இதற்கு எதையும் திறக்க வேண்டாம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல், பிளக்கை மட்டும் மாட்டுங்கள். எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். பக்கத்திலேயே நின்று பார்த்தால், நல்ல குக்கரில் தண்ணீர் அப்படியே இருக்கும். சூடேறினால் ரிலே ஒட்டியிருக்கிறது, அல்லது அதை இயக்கும் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. உடனே பிடுங்கிவிடுங்கள்.

மார்ச் 11

சுத்தம் செய்து, ஒயரும் செருகு பாகமும் மாற்றியாகிவிட்டது, இனி எப்படிச் சோதிப்பது என்று முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்.

தண்ணீரை மட்டும் வைத்து ஓட்டுங்கள். கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவை ஊற்றி, மூடி, உயர் அழுத்தத்தில் சில நிமிடம். குக்கர் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் வாட் மீட்டர் கிடைத்தால் சுவருக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டிவிடுங்கள், அதைப்போல உதவும் கருவி வேறில்லை. முதலில் முழு வாட் தொடர்ந்து ஓடும். அழுத்தம் ஏறியதும் இறங்கி, விட்டு விட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடும். அழுத்தம் ஏறினால் மூடியில் எழும்பும் சின்ன ஊசிதான் மிதவை வால்வு, அது எழும்பிய பிறகும் வெகுநேரம் முழு வாட்டிலேயே நின்றால், கட்டுப்படுத்துவது எதுவோ வேலை செய்யவில்லை.

தண்ணீரில் ஒழுங்காக ஓடி, சமைக்கும்போது மட்டும் எச்சரிக்கை வந்தால் குக்கரில் கோளாறு இல்லை, உள்ளே போடுவதில் இருக்கிறது. தண்ணீரிலேயே எச்சரிக்கை வந்தால் மறுபடி தட்டு, பாத்திரம், சென்சார் என்று வாருங்கள்.

மார்ச் 12

உள்ளே போடுவதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. கெட்டியான கலவை சுழலாது. தண்ணீர் சுழலும்போது அடியின் சூட்டை மேலே எடுத்துப் போய்விடும், மாவுச்சத்து கலந்து கூழானால் சூடு அடியிலேயே தங்கிவிடும். ஆகவே நீர்த்த திரவம் கீழே, கெட்டியானது மேலே, கிளற வேண்டாம். கெட்டியாக்கும் மாவைக் கடைசியில் மூடி திறந்த பிறகு சேர்க்கலாம். அதே பாத்திரத்தில் வதக்கியிருந்தால் அடியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். வதக்கிய கையோடு மூடினால் ஏற்கெனவே கொதிக்கும் அடியைப் பார்த்து சென்சார் உடனே கத்தும், கொஞ்சம் ஆறவிடுங்கள்.

காஸ்கெட்டையும் பாருங்கள். மூடி ஓரமாக ஆவி கசிந்தால் அழுத்தம் ஏறாது, குக்கர் விடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் போய்விடும். பிறகு அடி காய்ந்து எச்சரிக்கை வரும். ஊற்றிய தண்ணீர் சரியான அளவு என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் பாதியில் அது உள்ளே இருக்காது.

மார்ச் 16

அழுத்தம் கூடினால்தானே சூடு கூடும், அப்படியானால் அதிகச் சூடு என்றால் வெடிக்குமா? இந்தப் பயம் பலரிடம் இருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே தண்ணீர் இருக்கும்வரை ஆவியின் சூடும் அழுத்தமும் கட்டிப்போட்டவை. மின்சாரக் குக்கர்களின் உயர் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 70 கிலோபாஸ்கல் அதிகம், அங்கே கொதிநிலை சுமார் 115 டிகிரி. அடுப்பில் வைக்கும் குக்கர் 15 பிஎஸ்ஐ, அதாவது 103 கிலோபாஸ்கல், 121 டிகிரி. மலை மேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இரண்டிலும் கொதிநிலை கொஞ்சம் இறங்கும். அழுத்தம் அதற்கு மேல் போனால் வால்வு திறந்து ஆவியை விட்டுவிடும். 1679ல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் முதல் அழுத்தக் கலத்தைக் காட்டினார். எடையை வைத்து இயங்கும் பாதுகாப்பு வால்வும் அவரிடமிருந்து வந்ததுதான். இன்றைக்கு மூடியில் உட்கார்ந்திருக்கும் வால்வு அதன் வழியில் வந்தது.

எச்சரிக்கை காட்டும் 140 டிகிரி ஆவியின் சூடு அல்ல. பாத்திரத்தின் அடியில் ஓர் இடம் மட்டும் அப்படி. அழுத்தம் அப்போது சரியாகவோ, குறைவாகவோகூட இருக்கலாம். வால்வுத் துளையில் அடைப்பு இருப்பதுதான் அழுத்தத்துக்கு ஆபத்து. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு முறையும் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் மூடியைத் திருகித் திறக்கப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மிதவை வால்வு தானாக இறங்கும்வரை விட்டுவிடுங்கள்.

மார்ச் 23

முதல் கேள்வி கேட்டவரின் குக்கர் தண்ணீர்ச் சோதனையில் எச்சரிக்கை இல்லாமல் ஓடியிருக்கிறது. சமையலிலும் இதுவரை வரவில்லையாம். சென்சார் பழையதேதான். ஒயர் முனையைத் தொட்டுப் பார்த்தால் இப்போது சூடே தெரியவில்லை என்கிறார், எனக்கு இதில்தான் அதிக நிம்மதி.

நிறம் மாறிய வட்டம் அப்படியே இருக்கிறதே என்று கவலைப்படுகிறார். அது இருந்துவிட்டுப் போகட்டும். மேற்பரப்பில் உண்டான மெல்லிய ஆக்சைடு, கெடுதல் இல்லை. அதன் ஓரத்தைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு, வட்டம் பெரிதாகிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

மார்ச் 24

கேட்டவருக்காக ஒன்று சேர்க்கிறேன். எல்லாம் சுத்தமாக இருந்தும், ஒயர் நன்றாக இருந்தும், குக்கரின் அடிமூடி பிளாஸ்டிக் நெளிகிறது என்றால் அது தயாரிப்புப் பிழையாகவும் இருக்கலாம். 2018ல் அமெரிக்காவில் இன்ஸ்டன்ட் பாட் ஜெம் 65 என்ற மாடலில் சுமார் 1,04,000 கருவிகளைத் திரும்பப் பெற்றார்கள். அதிகமாகச் சூடாகி அடிப்பக்கம் உருகியதுதான் காரணம். அது அழுத்தக் குக்கர் இல்லை, பல வேலை செய்யும் சாதாரண மின் குக்கர், ஆனால் தட்டும் பலகையும் கீழே இருக்கும் அமைப்பு ஒன்றுதான். அப்போது எந்தெந்தத் தொகுதி என்பதை அடியில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளின் எண்ணை வைத்துத்தான் சொன்னார்கள். உங்கள் குக்கரைக் கவிழ்க்கும்போது மாடல் பெயரையும் தொகுதி எண்ணையும் ஒரு படம் எடுத்து வையுங்கள், தயாரித்தவரிடம் கேட்க முதலில் அதுதான் தேவைப்படும்.